பிக்கப் வண்டியில் டிரெய்லர் மின்பிரேக் கன்ட்ரோலர்: நான்கு ஒயர்களும் தொப்பூர் இறக்கமும்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மாம்பழச் சாறு விற்பதற்காக ஓசூர்ப் பட்டறை ஒன்றில் இரட்டை அச்சு டிரெய்லர் கட்டியிருக்கிறார். குளிர்பதனப் பெட்டி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறினால் எடை ஒன்றரை டன்னைத் தொடுகிறது. பட்டறையில் போட்ட அச்சுகள் வெளிநாட்டுக் கேரவன் ஒன்றிலிருந்து கழற்றியவை என்பதால் நான்கு சக்கரங்களிலும் மின்பிரேக் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது அந்தப் பிரேக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் பெட்டியையும் வாங்கிவிட்டார். பெட்டியிலிருந்து கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம் என நான்கு ஒயர்கள் வருகின்றன. உள்ளூரில் யாரும் இதைப் பொருத்திப் பழகவில்லை. இவற்றைத் தம்முடைய 12 வோல்ட் பிக்கப்பில் எங்கெங்கே இணைப்பது, இணைத்தபின் தருமபுரி-சேலம் சாலையின் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நம்பி இறங்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

தருமபுரியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் நான் இந்த வகைக் கன்ட்ரோலர்களைச் சில வண்டிகளில் பொருத்தியிருக்கிறேன். ஒன்றிரண்டில் தவறும் செய்து, பின்பு திருத்தியிருக்கிறேன். பெட்டியைத் திருகி மாட்டுவது அரை மணி நேர வேலைதான். ஒயரை ஒழுங்காகப் போட்டு முடிக்க ஒரு முழு நாள் ஆகும். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்த நினைத்தால் கன்ட்ரோலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் டிரெய்லர் நிற்காது. ஏனென்று புரிய வேண்டுமானால் அந்த டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மின்பிரேக் டிரம்முக்குள் பிரேக் ஷூக்கள் வழக்கம்போலவே இருக்கின்றன. வீல் சிலிண்டர் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நெம்புகோலின் நுனியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மின்காந்தம் தொங்குகிறது. மின்சாரம் பாய்ந்ததும் அந்தக் காந்தம் சுழலும் டிரம்மின் உட்புற முகத்தில் ஒட்டிக்கொண்டு அதோடு சேர்ந்து நகர முயல்கிறது; அப்படி நகரும்போது நெம்புகோலை இழுக்க, நெம்புகோல் ஷூக்களை டிரம்மின்மேல் அழுத்துகிறது. ஆகவே, பிரேக் பிடிக்கும் பலம் சக்கரம் சுழல்வதிலிருந்தே வருகிறது. மின்சாரம் அதைத் தூண்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. நின்றுகொண்டிருக்கும் டிரெய்லரில் சக்கரம் சுழலாததால் இதைக் கைப்பிரேக்காக நினைத்துச் சரிவில் விடக்கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வைத்தாக வேண்டும். அடுத்து, காந்தத்தின் பிடி அதில் பாயும் ஆம்பியரைப் பொறுத்தது. ஒயரில் வோல்ட் இழந்தால் ஆம்பியர் குறையும், ஆம்பியர் குறைந்தால் பிரேக் குறையும். ஹைட்ராலிக் பிரேக்கில் குழாய் ஒல்லியாக இருந்தாலும் கடைசியில் முழு அழுத்தம் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

கன்ட்ரோலர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிரேக் பெடலை மிதித்ததும் நாம் முன்பே குறித்து வைத்த அளவுவரை சிறிது நேரத்தில் மின்சாரத்தை ஏற்றுவது. மெதுவாக மிதித்தீர்களா, பதறி மிதித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. மற்றொன்று, வண்டியின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை உள்ளே இருக்கும் உணரி மூலம் அறிந்து, அதே விகிதத்தில் டிரெய்லர் பிரேக்கைப் பிடிப்பது. முதல் வகை விலை குறைவு. சமவெளியில் சின்ன டிரெய்லரை இழுப்பவர்களுக்குப் போதும். ஒன்றரை டன்னோடு கணவாய் இறங்கப் போகிறவர் இரண்டாம் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. உங்கள் பெட்டி எந்த வகை என்பதை அதனுடன் வந்த தாளில் பாருங்கள். இரண்டு வகையிலும் கையால் தள்ளும் நெம்பு ஒன்றோ பொத்தான் ஒன்றோ இருக்கும். பெடலைத் தொடாமல் டிரெய்லரை மட்டும் பிடிக்க அது உதவும். அதன் அருமையைத் தொப்பூர் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி தனிப் பதிவு வேண்டும். பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பொருத்துவது அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்லும் மாற்றமாகக் கருதப்படுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வண்டியின் கையேட்டில் இழுக்க அனுமதித்திருக்கும் எடை உங்கள் ஒன்றரை டன்னைத் தாங்குகிறதா என்றும் பாருங்கள். தாங்கவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் டாஷ்போர்டுக்கு அடியில் கை வைக்க வேண்டும். மஞ்சள் உறையிட்ட ஒயர்களும் மஞ்சள் கனெக்டர்களும் ஏர்பேக்குக்குரியவை, அவற்றின் பக்கமே போகக்கூடாது.

இனி கறுப்பு ஒயர். நம் ஊரில் எலக்ட்ரீஷியன்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வீட்டு ஒயரிங்கிலும் சரி, வண்டி ஒயரிங்கிலும் சரி, கறுப்பு என்றால் நியூட்ரல் அல்லது எர்த் என்று கை தானாகவே நினைத்துக்கொள்ளும். டெகோன்ஷா போன்ற அமெரிக்கக் கன்ட்ரோலர்களில் கறுப்புதான் பேட்டரியின் பிளஸ், வெள்ளைதான் எர்த். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நொடியிலேயே போய்விடக்கூடும். அதனால் வேலையைத் தொடங்குமுன் கறுப்பு ஒயரின் நுனியில் சிவப்பு டேப்பையும் வெள்ளை ஒயரின் நுனியில் கறுப்பு டேப்பையும் சுற்றிவிடுவேன். கடையில் இருக்கும் பையன்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கறுப்பு ஒயரைப் பியூஸ் பெட்டியில் காலியாக இருக்கும் ஏதோ ஒரு இடத்திலிருந்தோ, சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்தோ எடுக்கக்கூடாது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து தனி ஒயராக, ரப்பர் வளையமான கிராமட் வழியே, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடான ஃபயர்வாலைத் தாண்டி, கன்ட்ரோலருக்கு நேராக வர வேண்டும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், தானாகத் திரும்பவும் இணைந்துகொள்ளும் வகைச் சர்க்யூட் பிரேக்கரைப் போடுங்கள். இரண்டு சக்கரத்தில் மட்டும் பிரேக் இருந்தால் 20 ஆம்பியர், உங்களைப் போல நான்கிலும் இருந்தால் 30 ஆம்பியர். சாதாரண பியூஸ் போட்டால் அது எரிந்தபின் அடுத்த பியூஸ் மாற்றும்வரை டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை. இறக்கத்தின் நடுவில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பிரேக்கர்கள் பலவற்றில் ஒரு திருகு செம்பு நிறத்திலும் மற்றொன்று வெள்ளி நிறத்திலும் இருக்கும். செம்பு நிறத் திருகு பேட்டரிப் பக்கம்.

ஒயரின் தடிமனில்தான் எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஒவ்வொரு பிரேக் காந்தமும் முழு வோல்ட்டில் ஏறத்தாழ 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கும் சேர்த்துக் குறைவாக 12 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலர், அங்கிருந்து பின்பக்கச் சாக்கெட், அங்கிருந்து டிரெய்லர் அச்சு என்று போனால் 13 மீட்டர். எர்த் வழியாகத் திரும்பி வருவதும் அதே அளவு. மொத்தம் 26 மீட்டர். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இந்தத் தூரத்துக்கு 12 ஆம்பியர் ஓடினால் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். பேட்டரியில் 12.6 இருந்தாலும் காந்தத்துக்கு 9 வோல்ட்தான் கிடைக்கும். அதாவது கால் பங்குக்கு மேல் பிரேக்கைச் சாலைக்கு வருமுன்பே தொலைத்துவிட்டோம். அதே தூரத்துக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 1.4 வோல்ட்டுக்குள்ளும், 6 சதுர மி.மீ. போட்டால் ஒரு வோல்ட்டுக்குள்ளும் அடங்கிவிடும். நான்கு பிரேக் உள்ள டிரெய்லருக்கு 6 போடுங்கள். கன்ட்ரோலரோடு வரும் ஒயர் ஒல்லியாக இருக்கிறதே என்று அதைப் பார்த்து அளவெடுக்காதீர்கள், அது ஒரு முழத்துக்கும் குறைவான நீளம் என்பதால் ஒல்லியாக இருக்க முடிகிறது. வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம்; அதிர்வில் அது முறிந்துவிடும். பல இழைகள் கொண்ட வண்டி ஒயர்தான் தேவை.

வெள்ளை ஒயரை டாஷ்போர்டுக்கு அடியில் கண்ணில் படும் ஏதோ ஒரு போல்ட்டில் முறுக்கிவிட்டு எர்த் ஆயிற்று என்று எழுந்துவிடாதீர்கள். அதையும் பேட்டரியின் மைனஸ் முனை வரைக்கும் தனியாகக் கொண்டு போங்கள். டிரெய்லரின் எர்த்தும் அப்படியே; சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் தடித்த ஒயர் வேண்டும். இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுவது நல்லது. முதன்முதலில் நான் பொருத்திய டிரெய்லரில் வண்டியின் சேஸிஸ், ஹிட்ச் குண்டு, டிரெய்லர் சட்டம் என்று இரும்பு தொடர்ந்து இருக்கிறதே என்ற துணிச்சலில் எர்த்துக்கு ஒல்லியான ஒயர் ஒன்றையே போட்டிருந்தேன். பகலில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் பிடித்தது. இரண்டு வாரம் கழித்து வண்டிக்காரர் பாலக்கோடு சாலையிலிருந்து கூப்பிட்டு, இருட்டியதிலிருந்து டிரெய்லர் தள்ளிக்கொண்டே வருகிறது என்றார். கன்ட்ரோலர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுவதும் அதைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் டிரெய்லரின் பின்விளக்குகளைப் போட்டுவிட்டு ஹிட்ச் குண்டின்மேல் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டியபோது விளக்குகள் ஒரு முறை சிமிட்டின. விளக்குகளின் மின்சாரமும் பிரேக்கின் மின்சாரமும் அந்த ஒல்லி ஒயரிலும், கிரீஸ் பூசிய குண்டிலும் போட்டி போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன. விளக்கு எரியாத பகலில் அது தெரியவில்லை. அன்றிலிருந்து எர்த்தை எப்போதும் பிளஸ் ஒயரின் தடிமனிலேயே போடுகிறேன்.

சிவப்பு ஒயர்தான் கன்ட்ரோலருக்குக் கண். பெடலை மிதித்தீர்கள் என்ற செய்தி அதன் வழியாகத்தான் போகிறது. இதை ஸ்டாப் லைட் சுவிட்சிலிருந்து எடுக்க வேண்டும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, தலையை ஸ்டீயரிங்குக்கு அடியில் நுழைத்தால் பிரேக் பெடல் தண்டின் மேல்முனையில் சின்னக் குமிழ் ஒன்றை அழுத்திக்கொண்டு அந்த சுவிட்ச் உட்கார்ந்திருப்பது தெரியும். பேட்டரியை மீண்டும் இணைத்துவிட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை உடலின் நல்ல இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் சுவிட்சின் ஒவ்வொரு ஒயரையும் பின்பக்கத்திலிருந்து தொட்டுப் பாருங்கள். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் 12 வோல்ட் காட்டும் ஒயர் நமக்கு வேண்டாம். மிதிக்கும்போது மட்டும் 12 காட்டி, விட்டதும் பூஜ்யத்துக்கு வரும் ஒயரே வேண்டும். பழைய வண்டிகளில் இரண்டே ஒயர்கள்தான், குழப்பமில்லை. எஞ்சின் கணினி உள்ள புதிய வண்டிகளில் நான்கு ஒயர்கள் இருக்கும். அவற்றில் ஒன்று தலைகீழாக வேலை செய்யும், மிதித்தால் பூஜ்யம், விட்டால் வோல்ட். அதைப் போய்ப் பிடித்தால் வண்டி ஓடும்போது டிரெய்லர் பிடித்துக்கொண்டும், பெடலை மிதித்தால் டிரெய்லர் விட்டுவிட்டும் இருக்கும். நம் கடைகளில் வழக்கமாகப் பயன்படும், பல்பு போட்ட டெஸ்ட் லேம்பை இந்தப் புதிய வண்டிகளில் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பல்பு இழுக்கும் ஆம்பியரைச் சில கணினிச் சுற்றுகள் தாங்காது.

சரியான ஒயரைக் கண்டுபிடித்தபின், நசுக்கி இணைக்கும் அந்த நீலப் பிளாஸ்டிக் கிளிப்பைப் போடாமல், உறையைச் சிறிது நீக்கி, ஒயரைச் சுற்றி, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் உறை போடுங்கள். அந்தக் கிளிப்பு ஒயரின் சில இழைகளை அறுத்துவிடும். வண்டியின் சொந்தப் பிரேக் விளக்கே ஒரு நாள் அணைந்துவிட்டால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் நிற்பது தெரியாது.

நீல ஒயர் கன்ட்ரோலரிலிருந்து டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் வெளியீடு. அதைச் சட்டத்தின் உட்பக்கமாக, சைலன்ஸரின் சூடு படாமல், ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப் வீதம் கட்டிப் பின்பக்கச் சாக்கெட்டுக்குக் கொண்டு போக வேண்டும். நிறத்தையும் எண்ணையும் நம்பி இங்கே ஏமாறலாம். அமெரிக்க முறையிலும் ஆஸ்திரேலிய முறையிலும் நீலம் என்றால் டிரெய்லர் பிரேக். ஐரோப்பியரின் வட்டமான ஏழு பின் முறையில் நீலம் பின்பக்க மூடுபனி விளக்குக்கு உரியது. பிரேக்குக்கென்று அதில் பின்னே கிடையாது, ஏனென்றால் அவர்களுடைய டிரெய்லர்கள் பெரும்பாலும் இழுவைக் கம்பி அழுந்தும்போது தானே பிடித்துக்கொள்ளும் இயந்திரப் பிரேக்கைக் கொண்டவை. இன்னும் ஆபத்தானது ஐந்தாம் பின். ஆஸ்திரேலிய முறையில் ஐந்தாம் பின் பிரேக். ஐரோப்பிய முறையில் அதே ஐந்தாம் பின் வலப்பக்கப் பின்விளக்கு. ஆஸ்திரேலியக் கேரவனிலிருந்து வந்த ஒயரிங்கை ஐரோப்பிய முறையில் கட்டிய சாக்கெட்டோடு எண்ணுக்கு எண் சேர்த்தீர்களானால், மாலையில் விளக்கைப் போட்ட மறுகணமே டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்ளும். உங்கள் அச்சு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பட்டறைக்காரருக்கே நிச்சயமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே பழைய ஒயரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு இரு பக்கமும் புதிதாக நீங்களே கட்டி, எந்தப் பின் எதற்கு என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு டிரெய்லரின் கருவிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள்.

பெட்டியை மாட்டும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்டுநரின் கை எட்டும் தூரத்தில், முழங்கால் இடிக்காத இடத்தில், ஆடாத உலோகத் தகட்டில் மாட்டுங்கள். வேகக் குறைவை உணரும் வகையானால் பெட்டி வண்டி ஓடும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். மேல் கீழாக எவ்வளவு சாயலாம் என்பதை அதன் தாளில் கொடுத்திருப்பார்கள், அதை மீறாதீர்கள்.

எல்லாம் இணைத்தபின் சாலைக்குப் போகுமுன் ஒரு சோதனை. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை நீல ஒயரில் மாட்டி, கையால் தள்ளும் நெம்பை முழுவதும் தள்ளுங்கள். கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டி வெட்டித் துடிப்பாக அனுப்புவதால் பாதி நெம்பில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். முழு நெம்பில் 12 முதல் 16 ஆம்பியர் வரை காட்டினால் நான்கு காந்தங்களும் வேலை செய்கின்றன. 9 அல்லது 10-இல் நின்றுவிட்டால் ஒன்றுக்கு மின்சாரம் போகவில்லை என்று சந்தேகப்படலாம். சர்க்யூட் பிரேக்கர் டிக் டிக்கென்று விட்டு விட்டு அடித்தால் எங்கோ ஒயர் இரும்பைத் தொடுகிறது. பழைய அச்சுகளில் ஒரு பக்கத்துச் சக்கரத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் ஒயர் அச்சுக் குழாய்க்குள் உராய்ந்து உறை தேய்ந்திருக்கும், முதலில் அங்கே பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுழற்றிவிட்டு நெம்பைத் தள்ளச் சொல்லுங்கள். சக்கரம் சட்டென்று நிற்க வேண்டும். டிரம்மின் பின்புறத் தகடான பேக்கிங் பிளேட்டுக்கு அருகே காதை வைத்தால் காந்தம் மெல்ல முனகுவதுகூடக் கேட்கும்.

ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டை விட்டுவிட்டு கன்ட்ரோலரைத் திட்டுகிறவர்கள் பலர். டிரம்முக்கும் ஷூவின்மேல் ஒட்டிய லைனிங்குக்கும் இடைவெளி அதிகமிருந்தால் நெம்புகோல் முழுவதும் நகர்ந்தும் ஷூ டிரம்மைத் தொடாது. பேக்கிங் பிளேட்டின் பின்புறத் துளைவழியே ஸ்க்ரூடிரைவரை விட்டு, நட்சத்திரப் பல்சக்கரத்தைச் சுழற்றி, டயரைக் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசான உரசலோடு தாராளமாகச் சுற்றும்வரை தளர்த்துங்கள். முதல் 300 கி.மீ. ஓடியதும் மறுபடி இதைச் செய்ய வேண்டும். அதன்பின் 5000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். ஹப்பில் கிரீஸ் அடைக்கும்போது தாராளம் காட்டாதீர்கள். லைனிங்கிலும் காந்தத்திலும் கிரீஸ் படிந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது பிரேக்கின் அளவைக் குறிப்பது. டிரெய்லரை வழக்கமாக ஏற்றும் சுமையோடு எடுத்துக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலை 44-க்குப் போகாமல், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் சமமான, உலர்ந்த, நேரான சாலை ஒன்றுக்குப் போங்கள். விடுமுறை நாளின் சிப்காட் சாலை இதற்குத் தோதானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பெடலைத் தொடாமல் நெம்பை மட்டும் முழுவதும் தள்ளுங்கள். டிரெய்லர் டயர் பூட்டிக்கொண்டு இழுபட்டால் அளவைக் குறையுங்கள். வண்டி மெல்ல மட்டும் தயங்கினால் கூட்டுங்கள். டயர் பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு ஒரு படி கீழே நிறுத்துவதே சரியான அளவு. லைனிங் புதிதானால் முதலில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 30-க்குக் குறைப்பதை, இடையே ஆறவிட்டு ஆறவிட்டு, ஓர் இருபது முறை செய்து லைனிங்கைப் படியவைத்தபின் இந்த அளவை மறுபடி பாருங்கள், எண் மாறியிருக்கும்.

இப்போது தொப்பூர். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசையில் கட்டமேடு தொடங்கி இரட்டைப் பாலம் வரைக்கும் உள்ள அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகள் நம் மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டவர்களும், பிரேக்கை மிதித்தபடியே இறங்கி லைனிங்கைக் கருக்கியவர்களும் அதில் அடக்கம். மின்பிரேக்கும் டிரம் பிரேக்தான்; சூடேறினால் அதுவும் பிடி விடும். ஏறுகிற கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இதற்கும் பொருந்தும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்கவிட்டு, பெடலைத் தொடர்ந்து மிதிக்காமல் ஒரு முறை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். அப்படி இறங்கினால், ஒயரிங்கும் அட்ஜஸ்ட்மென்ட்டும் மேலே சொன்னபடி இருந்தால், நம்பி இறங்கலாம். பிரேக் இல்லாத டிரெய்லரோடு இறங்குவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதல் வளைவிலேயே தெரியும். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும் அந்தக் கை இருக்காது.

இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கினால் பெடலை மிதிப்பது மனித இயல்பு. ஆனால் முன்வண்டி நிற்க, பின்வண்டி தள்ள, ஆட்டம் கூடும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, நெம்பை மட்டும் மெதுவாகத் தள்ளினால் பின்னாலிருந்து கயிற்றை இழுத்ததுபோல டிரெய்லர் நேராகிவிடும். நெம்பின் அருமை இதுதான். ஆட்டமே வராதிருக்க, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் குண்டின்மேல் இறங்க வேண்டும். உங்கள் ஒன்றரை டன்னுக்கு அது 150 முதல் 225 கிலோ. தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் வைத்திருந்தால் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். குலுங்கும் தண்ணீர் பாதியாக இருப்பதைவிட நிரம்பியோ காலியாகவோ இருப்பது நல்லது.

ஹிட்ச் கழன்று டிரெய்லர் தனியே போய்விட்டால் தானாகப் பிரேக் பிடிக்க, டிரெய்லரிலேயே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும், கம்பி இழுத்தால் ஊசி கழலும் ஒரு சுவிட்சும் வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி இப்படிப் பிடித்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் நிற்க வேண்டும். அந்த அளவுக்குத் தாங்கும் பேட்டரியைப் போடுங்கள். ஊசியின் கம்பியை ஹிட்ச் குண்டிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ கட்டாமல் வண்டியின் சட்டத்தில் தனியாகக் கட்ட வேண்டும்; குண்டே கழன்று டிரெய்லரோடு போய்விட்டால் ஊசி கழலாது. இதைச் சோதிக்கும்போது முதலில் ஏழு பின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு ஊசியை இழுங்கள். எடுக்காமல் இழுத்தால் டிரெய்லர் பேட்டரியின் மின்சாரம் நீல ஒயர் வழியே பின்னோக்கிப் போய்க் கன்ட்ரோலரைக் கெடுத்துவிடக்கூடும்.

சாலையில் பார்த்து வைத்த அளவை மறந்துவிடாமலிருக்க ஒரு துண்டு வெள்ளை டேப்பில் முழுச் சுமைக்கு ஓர் எண், காலி டிரெய்லருக்கு ஓர் எண் என்று எழுதிக் கன்ட்ரோலருக்கு அருகிலேயே ஒட்டிவிடுங்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குச் சுமையோடு போய், எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் காலியாகத் திரும்பும் இரவில் பழைய அளவிலேயே மிதித்தால், ஈரச் சாலையில் நான்கு டயரும் பூட்டிக்கொள்ளும்.